மிச்சம் அரை லீற்றர்

புத்தகத்தில் பதினைந்தாயிரம் என்று இருக்கிறதாம்.
நான் ஒட்டிய ஸ்டிக்கரில் ஐயாயிரம்.
நடுவில் இருக்கும் பத்தாயிரத்தை
நான்தான் எடுத்து ஒளித்தவன் போல
போனில் ராஜநாயகம் சேர்
மிக மரியாதையாகக் கேட்கிறார்:
"அது எங்கே போனது, தம்பி?"

தெமட்டகொடை. காலை ஒன்பது.
இரவு பெய்த மழை
இன்னும் தகரத்திலிருந்து சொட்டுகிறது.
லிஃப்டில் ஏறி நிற்கிறது அவருடைய வாகனம்.
கறுப்பு. இரண்டரைத் தொன்.
பெயரைச் சொன்னதும் பஞ்சிகாவத்தையில்
பில்ற்றர் விலை எழும்பி நிற்கிற ரகம்.
கீழே நிற்கிற எனக்கு
எல்லா வாகனமும் வயிறுதான்.

போல்ட்டைக் கழற்றினேன்.
ஒரு கணம் யோசித்துவிட்டு விழுந்தது.
ஊற்றியபோது பிளேன்டி நிறம்.
நாலாயிரத்து எண்ணூறு கிலோமீற்றர் கழித்து
மழைக்கால வாய்க்கால்.
விரலில் தேய்த்து முகர்ந்தேன், பெற்றோல் மணக்கிறது.
எரியாமல் கீழே இறங்கிய பெற்றோல்.
சூடேறுமுன் நிறுத்தி, நிறுத்துமுன் கிளப்பி,
கிளப்பியும் போகாமல் நின்ற எஞ்சினின் மணம்.

புத்தகம் எழுதினவனுடைய ஊரில்
றோட்டு நீளமாக இருந்திருக்கும்.
காலையில் ஏறி உட்கார்ந்தால்
மத்தியானம் வேறொரு நகரத்தில் இறங்குகிற ஊர்.
பொரளைச் சந்தியை அவன் கண்டதில்லை.
என்றாலும் கடைசிப் பக்கத்தில், எறும்பு எழுத்தில்,
அவனும் எழுதித்தான் இருக்கிறான்:
வெக்கை, தூசி, குறுந்தூரம், நின்றபடி ஓடுதல்
என்றால் முந்தி மாற்றவும்.
விலாசம் மட்டும்தான் எழுதவில்லை.

கணினியைச் செருகினேன்.
எஞ்சின் விழித்திருந்தது நானூற்றுப் பன்னிரண்டு மணித்தியாலம்.
வகுத்துப் பார்த்தால்
மணிக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர்கூட இல்லை.
பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிற பாண் ஆட்டோ
முந்திவிடும்.
அதற்குக் கீழே இன்னொரு வரி:
சில்லு சுற்றாமல் ஓடியது, இருநூற்று அறுபது மணித்தியாலம்.

தோளுக்குப் பின்னால் சாரதி திலகசிறி.
தமிழ் வாசிக்கத் தெரியாது அவருக்கு.
இலக்கத்துக்கு ஏது பாஷை.
"மல்லி" என்றார். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு, எனக்குத் தெரிந்த சிங்களத்திலும்
அவருக்குத் தெரிந்த தமிழிலும் சொன்னார்:
கொள்ளுப்பிட்டியில், ஹோட்டல் வாசலில்,
இரவு ஒரு மணி, ஒன்றரை.
சேர் எப்ப வருவார் என்று சொல்ல ஏலாது.
வந்து ஏறும்போது உள்ளே இருபத்தொரு டிகிரி இருக்க வேணும்.
இருபத்திரண்டு என்றால் கேட்பார்.
"நானும் கொஞ்சம் நித்திரை போறதுதான்"
என்று திரையைப் பார்த்தபடியே சொன்னார்.

போனைத் திரும்ப எடுத்தேன்.
"சேர், கொழும்பு டிரபிக்."
"ஆ, டிரபிக்" என்றார் அவர்.
நிம்மதி கேட்டது குரலில்.
இந்த நகரத்தில் எல்லோருடைய பழியையும்
வாங்கிக்கொள்ள அந்த ஒரு சொல் இருக்கிறது.

புதிது ஊற்றினேன். பிடிப்பது ஆறரை.
நாலு லீற்றர் டின் ஒன்று, மூன்று லீற்றர் டின் ஒன்று.
மிச்சம் அரை.
மிச்சம் வாகனக்காரருக்கு, அதுதான் இங்கே முறை.
மூடியை இறுக்கி நீட்டினேன்.
ஒற்றை விரலால் தள்ளிவிட்டார் திலகசிறி.
"வைங்க, மல்லி."
நன்றியா, கூலியா?
டின்னில் எழுதியிருக்கவில்லை.

கண்ணாடி மூலையில் புது ஸ்டிக்கர்:
இன்னும் ஐயாயிரம், அல்லது ஆறு மாதம்,
எது முந்துகிறதோ.
ஏறி உட்கார்ந்தவர் முதலில் ஏசியைப் போட்டார்.
பிறகுதான் பெல்ட்.

சுவரோரம் என் பைக் சாய்ந்து நிற்கிறது.
வத்தளையிலிருந்து தினமும் போய்வருகிறது.
எப்போது மாற்றினேன் என்று
அதற்கும் ஞாபகமில்லை, எனக்கும் ஞாபகமில்லை.
எண்ணூறு மில்லி வேணும் அதற்கு.
முந்நூறு குறைகிறது.

பதினொன்றரைக்கு
இன்னொரு கறுப்பு வாகனம் புக்கிங்கில் இருக்கிறது.